அபியெய் மோதல்கள்

சூடான், தென் சூடான் ஆகிய இரு நாடுகளும் உரிமை கோரும் அபியெய் பகுதியில் தென் பகுதிப் படையினருக்கும் மிசேரியா நாடோடிகளுக்கும் இடையே நடந்த ஆயுத மோதல்கள். அபியெயின் பரப்பு சுமார் 10,500 சதுர கி.மீ.

பின்னணி: இங்கு நிலையாக வாழ்வோர் இங்கோக் டிங்கா மக்கள். அரபு மேய்ப்பர்களான மிசேரியாக்கள் வறண்ட பருவத்தில் வடக்கிலிருந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு கீர் ஆற்றங்கரைக்கு வந்து, மழை தொடங்கியதும் திரும்புவர். சூடானின் வட–தென் உள்நாட்டுப் போரின்போது (1983–2005) கார்ட்டூமில் உள்ள சூடான் அரசு மிசேரியாக்களுக்கு ஆயுதம் வழங்கியது. மந்தைக்குக் காவலாகத் துப்பாக்கியுடன் வருவோரைத் தென் படையினர் தடுத்தது மோதலுக்கு ஒரு காரணம்.

நிகழ்வுகள்: 2007 டிசம்பர் முதல் தென் படையான சூடான் மக்கள் விடுதலைப் படையும் மிசேரியாக்களும் மோதினர். 2008 மே மாதம் அப்படைக்கும் சூடான் ராணுவத்துக்கும் நடந்த சண்டையில் அபியெய் நகரம் எரிந்தது. சுமார் 50,000 பேர் இடம்பெயர்ந்தனர். 2009இல் ஹேக் நடுவர் தீர்ப்பாயம் அபியெயின் எல்லையைச் சுருக்கினாலும் மிசேரியாக்களின் மேய்ச்சல் உரிமையை உறுதிசெய்தது. அவர்களுக்கு வாக்குரிமை உண்டா என்ற பிணக்கால் அபியெய் எந்தப் பக்கம் சேர்வது என்பது குறித்து 2011 ஜனவரியில் நடக்கவிருந்த பொதுவாக்கெடுப்பு நின்றுபோனது. மே மாதம் சூடான் ராணுவம் பகுதியைக் கைப்பற்றியது. 2011 ஜூனில் ஐ.நா. இடைக்காலப் பாதுகாப்புப் படை அமைக்கப்பட்டது. 2013 மே மாதம் இங்கோக் டிங்கா மக்களின் முதன்மைத் தலைவர் குவோல் டெங் குவோல், மிசேரியா ஆயுததாரிகளின் தாக்குதலில் கொல்லப்பட்டார்.