முதலாளி இல்லாத ஒரு விருதின் கதை

மக்களே, இன்னிக்கு மருத்துவம் இல்லை. வரலாறு. கொஞ்சம் நீளமான இழை, டீ காபி எதாவது கையில் வெச்சுக்கோங்க.

அறிவியல் புனைகதை படிக்கிறவங்களுக்கு ஹியூகோ விருது தெரிஞ்சிருக்கும். தெரியாதவங்களுக்கு: அந்தத் துறையில் அதைவிடப் பெரிய பெயர் கிடையாது. நீங்க நெட்ஃபிளிக்ஸில் பார்த்த 'த்ரீ பாடி ப்ராப்ளம்' தொடரின் மூல நாவல் 2015-ல் வாங்கியது இதைத்தான்.

இந்த விருதுக்கு நடுவர் குழு கிடையாது. சம்பளம் வாங்கும் ஊழியர் ஒருத்தர்கூடக் கிடையாது. எல்லாமே ரசிகர்கள்தான். வேர்ல்டுகான்னு வருஷத்துக்கு ஒரு மாநாடு நடக்கும். அதற்கு உறுப்பினர் கட்டணம் கட்டினால் நீங்களும் பரிந்துரைக்கலாம், ஓட்டுப் போடலாம். ஓட்டு எண்ணுபவர் முதல் நாற்காலி அடுக்குபவர் வரை தன்னார்வலர்கள். வேலை செய்ய வர்றவங்களே கைக்காசு போட்டுக் கட்டணம் கட்டிட்டுத்தான் உள்ளே வரணும்.

கேட்கவே நல்லா இருக்கில்ல? அப்புறம் எப்படி 2023-ல் இதே விருதின் மானம் கப்பலேறியது? அதுக்கு முதலில் 1939-க்குப் போகணும்.

1939 ஜூலை, நியூயார்க். ஊரில் உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருக்கிறது. அதே சமயத்தில் சுமார் 200 பேர் கூடிய முதல் வேர்ல்டுகான். முதல் நாளே வாசலில் தகராறு. நடத்தியது ஒரு ரசிகர் கோஷ்டி. இடதுசாரிச் சாய்வுள்ள 'ஃபியூச்சரியன்ஸ்' எதிர்க் கோஷ்டி. (ரசிகர் மன்றம்னா கோஷ்டி இருக்கும்னு நமக்குச் சொல்லியா தரணும்!) கலாட்டா பண்ணத்தான் வந்திருக்காங்கன்னு சொல்லி ஃபியூச்சரியன்ஸில் ஆறு பேரை உள்ளே விடவில்லை. அந்த ஆறு பேரில் ஃபிரெட்ரிக் போல், டொனால்ட் வோல்ஹைம், சிரில் கோர்ன்ப்ளூத் உண்டு. பிற்காலத்தில் அந்தத் துறையையே தூக்கி நிறுத்தியவர்கள். அவங்க கூட்டாளியான 19 வயசுப் பையன் ஒருத்தன் எப்படியோ உள்ளே போயிட்டான். பெயர் ஐசக் அசிமோவ். ஆறு பேரைத் தடுத்த மாநாட்டுத் தலைவர் சாம் மாஸ்கோவிட்ஸுக்கும் அப்போ வயசு 19தான்!

அந்த வாசல் சண்டை ரசிகர்கள் மனசில் ஆறாத வடுவாகவே தங்கிவிட்டது. அதிகாரம் ஒரு கோஷ்டி கையில் போனால் என்ன ஆகும்னு முதல் மாநாட்டிலேயே பார்த்துட்டாங்க இல்லையா. 1953-ல் ஹியூகோ விருது தொடங்கியது. 1950களின் நடுவில் மாநாட்டையெல்லாம் நிரந்தரமாக நிர்வகிக்க முறையாகப் பதிவு செய்த நிறுவனம் ஒன்றை உருவாக்கிப் பார்த்தார்கள். அது சண்டை, வழக்குன்னு போய் 1958 வாக்கில் கலைந்தது. அதுக்கப்புறம் 'மத்திய நிர்வாகம்' என்ற பேச்சை எடுத்தாலே பல மூத்த ரசிகர்களுக்கு ஒவ்வாமைதான்.

அதனால் அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு இது. ஒவ்வொரு வருஷமும் மாநாடு வேறு ஊரில். எந்த ஊர் என்பதை உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தீர்மானிப்பார்கள். அந்த ஊர் ரசிகர்கள் தனிக் குழு அமைத்து நடத்துவார்கள். அந்த வருஷ ஹியூகோவும் அந்தக் குழுவின் பொறுப்பு. தாய் அமைப்புக்கு நிரந்தரத் தலைவர் கிடையாது, அலுவலகம் கிடையாது. சட்ட விதிகள் மட்டும் உண்டு. விதியை மாற்றணும்னா மாநாட்டில் நடக்கும் பொதுக்கூட்டத்தில், அடுத்தடுத்த இரண்டு வருஷம் நிறைவேற வேண்டும். யாரோ ஒரு வருஷம் பஸ் வைத்து ஆள் கூட்டிவந்து விதியை வளைச்சிடக் கூடாதுன்னு இந்தப் பூட்டு.

வார்டில் இரவு ட்யூட்டி டாக்டர் காலையில் வருபவரிடம் நோயாளிகளை ஒப்படைப்பாரே, அதை நினைச்சுக்கோங்க. இங்கே ஒவ்வொரு வருஷமும் டாக்டர் மட்டுமில்ல, ஆஸ்பத்திரியே மாறுகிறது.

ஆனா இந்த அமைப்பு சோப்ளாங்கின்னு நினைச்சிடாதீங்க. 2015-ல் ஒரு பெரிய தாக்குதலைத் தாங்கியது. பரிந்துரைக் கட்டத்தில் ஓட்டுகள் ஆயிரம் புத்தகங்களுக்குச் சிதறும். அதனால் சில நூறு பேர் ஒரே பட்டியலைப் பார்த்து அப்படியே எழுதினால் மொத்த இறுதிப் பட்டியலையும் பிடிச்சிடலாம். 'பப்பீஸ்' என்று பெயர் வைத்துக்கொண்ட வலதுசாரிக் குழுக்கள் அதைத்தான் செய்தன. மற்ற உறுப்பினர்கள் கொதித்துப்போய் ஐந்து பிரிவுகளில் 'யாருக்கும் விருது இல்லை' என்று ஓட்டுப் போட்டார்கள். அதுவரையிலான மொத்த ஹியூகோ வரலாற்றிலும் அப்படி நடந்தது ஐந்தே முறைதான்! அந்தப் பட்டியலில் இடம்பிடித்த மார்கோ க்ளூஸ் என்ற எழுத்தாளர், இந்தக் குறுக்கு வழி எனக்கு வேண்டாம்னு தன் நாவலை விலக்கிக்கொண்டார். அவர் விட்ட இடத்தில் உள்ளே வந்ததுதான் 'த்ரீ பாடி ப்ராப்ளம்'. ஜெயித்ததும் அதுதான்.

பிறகு கூட்டுப் பட்டியல்களின் பலத்தைக் குறைக்கும் புது எண்ணும் முறையை 2015-ல் முன்வைத்து, 2016-ல் உறுதி செய்து, 2017-ல் அமலாக்கினார்கள். வெளியிலிருந்து வரும் கிருமிக்கு எதிராக நோய் எதிர்ப்புச் சக்தி ஒழுங்காகவே வேலை செய்தது.

ஓட்டு எண்ணுறவங்களே ஓட்டைத் தூக்கிப் போட்டால்? அதுக்கு மருந்து யாரும் எழுதி வைக்கல.

2023 மாநாடு எங்கே என்ற ஓட்டெடுப்பில் கனடாவின் வின்னிபெக் 807 ஓட்டு. சீனாவின் செங்டு 2,006. இதைச் சதின்னு சொல்லுறவங்க உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சீனாவில் இந்த இலக்கியத்துக்கு ஏராளமான வாசகர்கள் இருக்காங்க, அவங்களும் உலக ரசிகர்கள்தானே? புத்தம்புது அறிவியல் புனைகதை அருங்காட்சியகத்தில் 2023 அக்டோபரில் மாநாடு நடந்தது. விருதும் கொடுத்தாச்சு, படமும் எடுத்தாச்சு, எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு.

இங்கேதான் விதிப் புத்தகத்தின் ஒரு மூலையில் இருந்த சின்ன விதி வேலை செய்தது. மாநாடு முடிந்து 90 நாளுக்குள் பரிந்துரைக் கணக்கை வெளியிட்டே ஆகணும். வழக்கமாக அதற்கு இவ்வளவு நாள் ஆகாது. இந்த முறை கெடு முடியும்வரை இழுத்து, 2024 ஜனவரியில் வெளியிட்டார்கள்.

நெபுலா விருது வாங்கிய, ஆர்.எஃப். குவாங்கின் 'பேபல்' நாவலுக்குப் பரிந்துரைகள் நிறைய. ஆனால் பக்கத்தில் 'தகுதி இல்லை'. சீனாவில் பிறந்து கனடாவில் வாழும் சிரான் ஜே ஜாவ், 'தகுதி இல்லை'. நீல் கெய்மனின் 'சாண்ட்மேன்' தொடரின் ஓர் எபிசோட், 'தகுதி இல்லை'. காரணம் எதுவும் இல்லை. கேட்டவர்களுக்கு, விதிகளைப் பார்த்து முடிவெடுத்தோம்னு மட்டும் பதில். எந்த விதின்னு சொல்லல.

பிப்ரவரியில் மின்னஞ்சல்கள் கசிந்தன. அமெரிக்காவிலும் கனடாவிலும் உட்கார்ந்திருந்த விருது நிர்வாகத் தன்னார்வலர்கள், எழுத்தாளர்களின் பதிவுகளையும் பயணங்களையும் தோண்டியிருந்தார்கள். சீனா, தைவான், திபெத் பற்றி எங்கேயாவது சிக்கலாக எதாவது சொல்லியிருக்காங்களான்னு குறிப்பு எடுத்திருந்தார்கள். ஒரு ரசிக எழுத்தாளர் திபெத் போனதாகக் குறித்து வைத்திருந்தார்கள். மனுஷன் போனது நேபாளம்! அந்தப் பிரிவில் அவருக்கும் 'தகுதி இல்லை'தான். மின்னஞ்சல்களை வெளியிட்ட இருவரில் ஒருவர் கிறிஸ் பார்க்லி. அதே பிரிவில் அந்த வருஷம் ஹியூகோ வாங்கியவர் அவர். தன் கையில் இருந்த விருதின் மேலேயே விழும் நிழல்னு தெரிஞ்சும் வெளியிட்டார்.

சரி, அப்புறம் என்ன நடவடிக்கை? இங்கேதான் எனக்கு வயிறு கலங்குது. விருதின் வணிகக் குறியைக் காக்கும் சிறு அமைப்பு சிலருக்குக் கண்டனம் தெரிவித்தது. சிலர் பதவி விலகினார்கள். ஒருவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அவ்வளவுதான். மேல்முறையீடு செய்ய இடமில்லை, முடிவை ரத்து செய்ய ஆளில்லை. 1939 வாசல் திரும்ப வரக் கூடாதுன்னு பார்த்துப் பார்த்து அதிகாரத்தைப் பிரிச்சாங்க. பிரிச்சதில் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதே காணாமல் போச்சு. திரும்பவும் ஆறு பேர் இல்ல, அதைவிட அதிகமானவர்கள் வாசலுக்கு வெளியே. இந்த முறை அவங்களுக்கு அது தெரியக்கூட இல்லை.

இதில் கெட்ட எண்ணம் இருந்ததுன்னு நான் நினைக்கல. ஹியூகோ எண்ணிக்கை ரொம்பச் சலிப்பான, நுணுக்கமான வேலை. முன்வருபவர்கள் குறைவு. அதனால் அனுபவமுள்ள அதே சிலரையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். "அவங்களுக்குத் தெரியும், பார்த்துப்பாங்க." இந்த வாக்கியத்தை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நானும் நிறையக் கேட்டிருக்கேன். தமிழ்நாட்டில் ஒரு தாய் பிரசவத்தில் இறந்தால், எவ்வளவு பெரிய டாக்டர் பார்த்த கேஸாக இருந்தாலும் தணிக்கை உண்டு. அங்கே பேச்சு டாக்டர் நல்லவரா என்பதில் தொடங்காது. கேஸ் ஷீட்டில் தொடங்கும்.

2024 கிளாஸ்கோ மாநாட்டுக் குழு கேஸ் ஷீட்டைத் திறந்தே வைத்தது. யாரையாவது நீக்கினால் காரணம் சொல்வோம்னு முன்கூட்டியே அறிவித்தார்கள். வாக்கெடுப்பு முடிந்ததும், முடிவு வரும் முன்பே, பதிவான 3,813 ஓட்டில் 377 போலின்னு கண்டுபிடித்து நீக்கிவிட்டதாகப் பொதுவெளியில் சொன்னார்கள். ஒரே ஆளை ஜெயிக்க வைக்க விழுந்த ஓட்டுகள். அந்த ஆளுக்கு இது தெரியும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதையும் சொல்லி, பெயரையும் காப்பாற்றினார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த அறிக்கை அது.

2025 சியாட்டிலில் வேறு பஞ்சாயத்து. மாநாட்டில் பேச வருபவர்களின் பின்னணியைச் சரிபார்க்க சாட்ஜிபிடியைப் பயன்படுத்தியது தெரிந்து, ஹியூகோ நிர்வாகியே பதவி விலகினார். தலைவர் மன்னிப்புக் கேட்டார், தன்னார்வலர்கள் கையால் மறுபடி சரிபார்த்தார்கள். ஆனால் அதே சியாட்டில்தான் பொதுக்கூட்டத்தை மாநாட்டுக்கு முன்பே இணையவழியில் நடத்தியது. அதுவரை விதிக்கு ஓட்டுப் போடணும்னா விமானம் ஏறி வந்து, காலையில் எழுந்து, அந்த அறையில் உட்கார்ந்திருக்கணும். செங்டுவின் வாசகர்களில் எத்தனை பேருக்கு அது முடியும்?

குவாங்குக்கு அந்த விருதுப் போட்டி இதுவரை திரும்பக் கிடைக்கவில்லை. 2024 ஜனவரியில் வெளியான கணக்கில் 'பேபல்' பக்கத்தில் 'தகுதி இல்லை' என்பதோடு சரி. காரணம் எழுத வேண்டிய இடம் காலி.