காலணிக்கும் ஒரு சரித்திரம் உண்டு



நம் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவில் புதிதாகச் சேர்ந்த மூன்று பேர், லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "சார், சைக்கிளுக்குன்னு தனி ஷூ இருக்காமே, ரோடு ஷூ வாங்கலாமா, மவுன்டன் பைக் ஷூ வாங்கலாமா?"

என்னிடம் கேட்கக் காரணம் உண்டு. தப்பான ஷூவை வாங்கி, மணிக்கட்டில் மாவுக்கட்டோடு ஆறு வாரம் திரிந்தவன் நான்தான். கட்டோடு வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களில் இந்த ஷூக்கள் எப்படி வந்தன என்று தேடிப் படித்தேன். ஷூவை வாங்கும் முன்பே அதைப் படித்திருந்தால் கை தப்பித்திருக்கும்.

நம் காலத்தில் சைக்கிளுக்கு ஷூ ஏது? மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்கள்தானே நாம். அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை ஹெர்குலிஸ் சைக்கிள் செய்யத் தொடங்கியது 1951இல். அந்த மாதிரி வண்டிகளில் பெடலின் இரு பக்கமும் ரப்பர் கட்டைகள் இருக்கும். வெறுங்காலோ ரப்பர் செருப்போ, எதை வைத்து மிதித்தாலும் வழுக்காது, கால் நோகாது. வேண்டும்போது காலை எடுத்துத் தரையில் ஊன்றலாம். இத்தனைக்கும் நம் திண்டுக்கல் தோல் பதனிடுவதற்குப் பேர் போன ஊர். டி. செல்வராஜ் இங்கத்துத் தோல் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய 'தோல்' நாவலுக்கு 2012இல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. அப்படிப்பட்ட ஊரிலேயே சைக்கிள் மிதிக்கச் செருப்பு போதும் என்றுதான் இருந்தோம்.

ஐரோப்பாவின் பந்தயக்காரர்களுக்கு அது போதவில்லை. வேகமாகச் சுற்றும்போது கால் பெடலை விட்டு விலகக் கூடாது. அதனால் பெடலின் முன்னால் ஒரு கூண்டு வைத்து, தோல் வாரால் பாதத்தை இறுக்கிக் கட்டினார்கள். வண்டியை நிறுத்துமுன் குனிந்து கையால் வாரைத் தளர்த்த வேண்டும். மறந்தால் வண்டியோடு சாய வேண்டியதுதான். 1970களின் தொடக்கத்தில் இத்தாலியின் சினெல்லி நிறுவனம் வாரே இல்லாத பெடல் ஒன்றைக் கொண்டுவந்தது. அதிலும் காலை விடுவிக்கக் கையால் ஒரு நெம்பைத் தள்ள வேண்டும். ஜனங்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் 'மரணப் பெடல்'.

விடை பனிச்சறுக்கு விளையாட்டிலிருந்து வந்தது. பிரான்ஸின் லுக் நிறுவனம் சறுக்குப் பலகையில் பூட்ஸைப் பிடித்து வைக்கும் பூட்டுகளைச் செய்துவந்தது. விழும்போது பூட்டு தானே விடும். அதே யோசனையை 1984இல் சைக்கிள் பெடலுக்குக் கொண்டுவந்தார்கள். ஷூவின் அடியில் ஒரு பிளாஸ்டிக் துண்டு, அதற்குப் பெயர் கிளீட். மிதித்தால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும். மறு வருடமே, 1985இல், பெர்னார் இனோ இந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸை ஐந்தாவது முறையாக வென்றார். அதன் பிறகு தோல் வார் மெல்ல மறைந்தது.

இன்றைய ரோடு ஷூ அந்த வம்சத்தில் வந்தது. கெட்டியான வளையாத சோல், மூன்று திருகில் நிற்கும் அகலமான கிளீட். அந்தக் கிளீட் சோலுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். பந்தயக்காரருக்கு அது ஒரு குறையே இல்லை. தொடக்கக் கோட்டில் ஏறி முடிவுக் கோட்டில் இறங்குகிறவர் அவர். பஞ்சரானால் பின்னால் வரும் கார் சக்கரம் கொடுக்கும். அவர் நடக்க மாட்டார் என்பதை வைத்தே அந்த ஷூவைச் செய்தார்கள்.

மவுன்டன் பைக் ஷூ வேறு வம்சம். 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதி இளைஞர்கள் பழைய கனத்த டயர் சைக்கிள்களில் மலைப்பாதைகளில் இறங்கி விளையாடினார்கள். 1976இல் பந்தயமே வைத்தார்கள். மலைப்பாதையில் இறங்காமல் முடியாது. வண்டியைத் தள்ள வேண்டும், சில இடங்களில் தோளில் தூக்கவும் வேண்டும். ஜப்பானின் சக்காய் நகரில் 1921இல் தொடங்கிய ஷிமானோ நிறுவனம் இதைக் கவனித்து, 1990இல் எஸ்.பி.டி. என்ற முறையைக் கொண்டுவந்தது. இரண்டு திருகில் நிற்கும் சிறிய உலோகக் கிளீட், ரப்பர் சோலுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் ஒளிந்திருக்கும். நடக்கும்போது தரையில் படுவது பெரும்பாலும் ரப்பர்தான்.

இப்போது என் கதை. பார்க்க அழகாகவும் எடை குறைவாகவும் இருந்ததால் நான் வாங்கியது ரோடு ஷூ. நாலாவது வாரம் சிறுமலை அடிவாரத்தில் டீ குடிக்க இறங்கினேன். கடை வாசலில் டம்ளர் கழுவிய தண்ணீர் தேங்கிய சிமென்ட் தரை. துருத்திய கிளீட் மேல் கால் பட்டதும் சறுக்கியது, கையை ஊன்றினேன். அறுபதைத் தாண்டிய எலும்பு தாங்கவில்லை. இடுப்பில் அடிபட்டிருந்தால் சைக்கிளே முடிந்திருக்கும். "இனிமே வண்டி வேண்டாம்" என்ற வீட்டம்மாவைச் சமாதானம் செய்ய எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

பற்று வரவு எழுதிப் பழகிய கை என்பதால் இரண்டு பக்கமும் எழுதுகிறேன். ரோடு ஷூவின் வரவு: எடை குறைவு, பாதத்தின் அழுத்தம் அகலமாகப் பரவும், நிற்காமல் நெடுநேரம் மிதிக்கச் சுகம். பற்று: நடக்க முடியாது, நடந்தால் கிளீட்டும் தேயும். நாம் யார்? ஆத்தூர் காமராஜர் அணைக்குப் போகும் வழியில் ரயில்வே கேட்டில் நிற்போம், டீக்கடையில் இறங்குவோம், பஞ்சரானால் கடை வரை தள்ளுவோம். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் மூச்சு வாங்கினால் இறங்கி நடப்போம். 1200 கிலோமீட்டரை 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் ஓட்டத்துக்குப் போகிறவர்களிலேயே பலர், வழியில் இறங்கி நடக்க வேண்டும் என்பதால் மவுன்டன் பைக் ஷூதான் போடுகிறார்கள். நமக்கும் அதுவே கணக்கு.

வாங்குகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஷூவும் பெடலும் ஜோடி. இரண்டு திருகு ஷூவுக்கு எஸ்.பி.டி. வகைப் பெடல் வேண்டும். பாதம் சற்று வீங்கியிருக்கும் சாயங்காலத்தில் போட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் எளிதில் விடும் வகைக் கிளீட்டும் கிடைக்கிறது, புதியவர்களுக்கு அது நல்லது. பெடலின் ஸ்பிரிங் திருகை முழுக்கத் தளர்த்தி, நம் பார்க்கிங்கில் சுவரைப் பிடித்தபடி பூட்டி விடுவித்து ஐம்பது தடவை பழகுங்கள். நிற்கப் போகும் இடத்துக்குப் பத்தடி முன்பே ஒரு காலை விடுவித்துவிட வேண்டும்.

எதுவுமே வாங்காமல் தட்டையான பெடலும் சாதாரண கேன்வாஸ் ஷூவுமாக வந்தாலும் குழுவில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நம் அப்பாக்கள் செருப்போடு ஓட்டாத தூரமா?

ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு மெயின் கேட்டில் சந்திப்போம். டீ என் கணக்கு. இறங்கும்போது தரையைப் பார்த்து இறங்குங்கள்.