ஒரு நாள்கூட ஓடாத அணு உலை

வியன்னாவுக்கு மேற்கே, டான்யூப் ஆத்தங்கரையில ஸ்வென்டென்டார்ஃப்னு ஒரு சின்ன ஊர். (ஒரு தடவை வேகமா சொல்லிப் பாருங்க, நாக்கு சுளுக்கிக்கும்.) அங்கே ஒரு அணுமின் நிலையம் இருக்கு. உலை, டர்பைன், கட்டுப்பாட்டு அறை, புகைபோக்கி எல்லாமே பக்கா. ஆனா கட்டி முடிச்ச நாள்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு யூனிட் அணு மின்சாரம்கூட அதுலேர்ந்து வந்ததில்லை.

கதை 1972ல ஆரம்பிக்குது. கிட்டத்தட்ட 700 மெகாவாட் உலை. அப்போ ஆஸ்திரியாவுக்குப் பிரதமர் புரூனோ கிரைஸ்கி. சோஷலிஸ்ட் கட்சி, அசைக்க முடியாத செல்வாக்கு. தொழிற்சங்கமும் அணு உலை வேணும்ங்குது, முதலாளிகள் சங்கமும் வேணும்ங்குது. இந்த ரெண்டு பேரும் ஒரே பக்கம் நிக்கிறது எவ்வளவு அபூர்வம்! போதாததுக்கு சர்வதேச அணுசக்தி முகமையோட தலைமையகமே வியன்னாவுலதான் இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?

ஆனா ஜனங்க ஒத்துக்கலை. மேற்குக் கோடியில இருக்கிற ஃபோரார்ல்பெர்க் மாநிலத்துக்காரங்க, எல்லைக்கு அந்தப் பக்கம் சுவிட்சர்லாந்து ரூட்டியில கட்ட நினைச்ச அணு உலையை எதிர்த்து ஏற்கெனவே பழகினவங்க. வியன்னாவுல அலெக்சாண்டர் டோல்மன்ங்கிற நிலவியல் பேராசிரியர், அந்த இடம் நிலநடுக்கத்துக்குத் தோதா இல்லைன்னு கிளம்பினார். கழிவை எங்கே வைக்கப் போறீங்கங்கிற கேள்விக்கு அரசாங்கத்துக்கிட்ட நேரான பதில் இல்லை. 1978 ஜனவரியில எரிபொருள் தண்டுகளை ஹெலிகாப்டர்லதான் உள்ளே கொண்டு போய் இறக்கினாங்க. ரோடு வழியா போனா மறிப்பாங்களேங்கிற பயம்தான்.

அப்பதான் கிரைஸ்கி ஒரு கணக்குப் போட்டார். மக்கள்கிட்டயே கேட்டுடலாம், எப்படியும் ஜெயிச்சுடுவோம், எதிர்க்கட்சி வாயும் அடைஞ்சுடும். 1978 நவம்பர் 5 பொது வாக்கெடுப்பு. அதுக்கு முன்னாடி, தோத்தா நான் பதவியில இருப்பேனாங்கிறது சந்தேகம்தான்கிற மாதிரி பேசி வெச்சார். அங்கேதான் மனுஷன் சறுக்கினார்னு நான் நினைக்கிறேன். எதிர்க்கட்சியான மக்கள் கட்சி அணுசக்திக்கு விரோதியே இல்லை. தன் ஆட்சிக் காலத்துல இந்தத் திட்டத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டதே அவங்கதான். ஆனா "வேண்டாம்"னு குத்தினா கிரைஸ்கி வீட்டுக்குப் போவார்னா, கசக்குமா?

வேண்டாம்: 50.47 சதவீதம். வேண்டும்: 49.53 சதவீதம்.

முப்பதாயிரம் ஓட்டுகூட முழுசா வித்தியாசம் இல்லை. வியன்னா வேணும்னுச்சு. ஃபோரார்ல்பெர்க்ல நூத்துக்கு 84 பேர் வேண்டாம்னாங்க. அவங்க இல்லைன்னா உலை ஓடியிருக்கும்.

கிரைஸ்கி ராஜினாமா பண்ணினாரா? ம்ஹூம். கட்சி அவருக்கு முழு அதிகாரம் கொடுத்து உட்கார வெச்சுது. ஆனா ஒண்ணு சொல்லணும். தீர்ப்பை அவர் மீறலை. டிசம்பர்லயே அணுமின்சாரத்துக்குத் தடைச் சட்டம் வந்துடுச்சு. 1979 மே தேர்தல்ல அதே ஜனங்க அவருக்கு 51 சதவீத ஓட்டு போட்டாங்க, அவர் வாங்கினதுலயே அதிகம்! உலை வேண்டாம், நீ வேணும். அரசியல்வாதியையும் அவர் தூக்கிட்டு வர்ற திட்டத்தையும் தனித்தனியா எடை போடத் தெரிஞ்ச ஜனங்கன்னு சொல்றதா, இல்லை அந்த 50.47ல பாதி வெறும் கட்சிக் கோபம்னு சொல்றதா? எனக்கு ரெண்டும் உண்மைன்னுதான் தோணுது.

இதோட முடியலை. தடையை நீக்கணும்னு 1980ல நாலு லட்சத்துக்கு மேல கையெழுத்து வாங்கினாங்க. உலையையும் துடைச்சு, பராமரிச்சு, ஓட்டறதுக்குத் தயாராவே வெச்சிருந்தாங்க. 1985ல நாடாளுமன்றத்துல மறுபடி முயற்சி. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்கலை. அடுத்த வருஷம் ஏப்ரல்ல செர்னோபில் வெடிச்சது. அதுக்கப்புறம் அங்கே யாரும் அந்தப் பேச்சை எடுக்கலை. 1999ல அணு உலை கூடாதுன்னு அரசியல் சாசனத்துலயே எழுதிட்டாங்க.

சும்மா கிடைச்ச வெற்றி இல்லை இது. அணு உலைக்காகப் போட்ட மின்கம்பிகளை வீணாக்காம, பக்கத்துலயே டூர்ன்ரோர்ல நிலக்கரி மின் நிலையம் கட்டினாங்க. அது 2019 வரைக்கும் புகை கக்கிச்சு. இந்தப் பக்கத்தை உலையை எதிர்த்தவங்க அவ்வளவா பேசறதில்லை.

உலையோட உதிரி பாகங்கள் பல, ஜெர்மனியில இருந்த அதே ரக உலைகளுக்குப் போயிடுச்சு. அந்த ஊர் இன்ஜினியர்கள் இங்கே வந்து பயிற்சி எடுத்தாங்க, கதிர்வீச்சே இல்லாத உலை வேற எங்கே கிடைக்கும்? 2009ல வளாகத்துல சூரிய ஒளித் தகடுகள் வெச்சாங்க. இப்போ முன்பதிவு பண்ணிட்டுப் போனா உலைக்குப் பக்கத்துலயே நின்னு எட்டிப் பார்க்கலாமாம்.