மலைக்குப் போர்த்திய போர்வை

குளிரில் நடுங்குவதாக எண்ணி மயிலுக்குப் போர்வை கொடுத்தான் பேகன். அவன் ஆண்டது பழனி மலையும் அதைச் சூழ்ந்த நாடும். முன்பின் யோசியாமல் கொடுக்கும் அந்தக் குணத்துக்குக் கொடைமடம் என்று பெயர் வைத்து நம் முன்னோர் கொண்டாடினார்கள். போர்வையால் மயிலுக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. அதே மலைக்குச் சுதந்திர இந்தியாவின் சர்க்கார் ஒரு போர்வை போர்த்தியது. அந்தக் கதைதான் அவ்வளவு சுபமாக முடியவில்லை.

மதுரை வெயிலுக்குப் பயந்து அமெரிக்கப் பாதிரிமார்கள் 1845-ல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். 1863-ல் லெவிஞ்ச் துரை ஏரி அமைத்தார். அவர்கள் அன்று கண்ட மலை, பெரும்பகுதி புல்வெளி. மலை மடிப்புகளில் மட்டும் சோலைகள். பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை குறிஞ்சி பூப்பது அந்தப் புல்லின் நடுவேதான். மழையையும் பனியையும் புல்லின் வேர்மண் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு சிறுகச் சிறுக ஓடையில் விடும். பெரியகுளத்துக்கு வராக நதியும், பழனி வட்டாரத்துக்கு வரதமாநதியும் பொருந்தலாறும் இந்த மலையிலிருந்தே இறங்குகின்றன.

ஆனால் சர்க்கார் கணக்கில் புல்வெளிக்குப் பெயர் தரிசு. 1952-ல் வந்த தேசிய வனக் கொள்கை, மலைப் பிரதேசங்களில் 60 சதவிகிதம் காடு இருக்கவேண்டும் என்றது. தொழில்களுக்கு வேண்டிய மரத்தையும் காடு தரவேண்டும் என்றது. தோல் பதனிட நம்மவர்கள் ஆவாரம்பட்டையை நம்பியிருந்த காலம் போய், ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டையும் அதன் சாறும் வந்துகொண்டிருந்தன. அந்நியச் செலாவணியைக் காசு காசாக எண்ணிச் செலவழித்த புதுக் குடும்பம் நம்முடைய தேசம். 'சும்மா கிடக்கிற தரிசில் வாட்டிலை நடுவோமே!' என்று தோன்றியதில் ஆச்சரியம் என்ன? வாட்டிலோடு தைல மரமும் பைனும் மலை ஏறின. சிறுமுகையில் செயற்கைப் பட்டு இழை செய்த ஆலைக்கும் மரக்கூழ் வேண்டியிருந்தது.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். தோல் தொழில் குரோமியத்துக்கு மாறியது. சிறுமுகை ஆலை மூடப்பட்டது. கேட்டவர்கள் போய்விட்டார்கள், மரங்கள் போகவில்லை. வாட்டிலின் விதை மண்ணுக்குள் பல்லாண்டு உறங்கிக் கிடந்து முளைக்கக்கூடியது. நட்ட எல்லையை அது மதிக்கவில்லை. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டவர்கள், 1973-க்கும் 2014-க்கும் இடையில் பழனி மலைப் புல்வெளியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது என்கிறார்கள். நீலகிரியில் தைல மரம் நட்ட நீர்ப்பிடிப்புகளில் ஓடைநீர் குறைந்ததையும் ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன.

குரோமியக் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில், கெடுத்தவரே ஈடு கொடுக்கவேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல நியாயம். ஆனால் நல்லெண்ணத்தோடு சர்க்காரே ஒரு மலையை மாற்றிவிட்டால் யார் யாருக்கு ஈடு கொடுப்பது? பட்டையின் விலையை எழுதிவைத்த பேரேட்டில் தண்ணீருக்கு ஒரு பத்தி இருக்கவில்லை. தவறு அங்கேதான். இழப்பை எழுத இடமே இல்லாத கணக்கில் எல்லாமே லாபமாகத்தான் தெரியும்.

1988-ல் வந்த புதிய வனக் கொள்கை, இயற்கையின் சமநிலைதான் முதன்மை, வருமானம் அதற்குப் பிறகே என்றது. 2013-ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் ஏற்பட்டது. 2022-ல் அந்நியத் தாவரங்களை அகற்றத் தமிழக அரசு ஒரு கொள்கையே வகுத்தது. நல்லது. ஆயினும் ஒரு சங்கடம். பழைய வாட்டில் தோப்புகளின் நிழலில் சில இடங்களில் சோலைக் கன்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெட்டிச் சாய்த்தால் அவையும் சாகும். வெறும் மண்ணில் முதலில் எழுவது மறுபடியும் வாட்டிலாகவே இருக்கும். எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்று ஓடைக்கு ஓடை பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

போர்த்தும்போது மயிலை யாரும் கேட்கவில்லை. எடுக்கும்போதாவது கேட்கலாம்.