கமுகு ஏறிய கொடி

பண்டைத் தமிழகத்தில் வில்லும் புலியும் கயலும் மூவேந்தர் கொடிகளில் விளங்கின என்பதைத் தொடக்கப் பள்ளி மாணவரும் அறிவர். கொடிக்கு நிகராக மரத்திற்கும் அக்காலத்தில் மதிப்பிருந்தது. மன்னர்கள் காவல் மரம் பேணினர். அதனை வெட்டி வீழ்த்துதல் அவர்களை வென்றதற்கு அடையாளமாயிற்று. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடலிடைத் தீவில் இருந்த பகைவர்மீது படைகொண்டு சென்று, அவர்தம் கடம்ப மரத்தை வெட்டி முரசு செய்தான் எனப் பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்து கூறும். ஒரு தீவினரின் மானம் ஒரு மரத்தில் அடங்கியிருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

கொடியும் மரமும் ஒன்றுகூடி நிற்கக் காண விரும்புவோர் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் பினாங்குக் கொடியை நோக்குக. இளநீலம், வெள்ளை, மஞ்சள் என மூன்று நெடும்பட்டைகள். நடுவிலுள்ள வெள்ளையில், பசும்புல் மேட்டின்மீது ஒரு கமுகு. நீலம் தீவைச் சூழ்ந்த கடலையும், வெள்ளை அமைதியையும், மஞ்சள் வளத்தையும் குறிக்கும். 'ஆயர் ஈத்தாம்' என்பது கரிய நீர் என்று பொருள்படுவது போல, மலாய் மொழியில் 'பினாங்' என்பது பாக்கு. ஆகவே எழுத்தறியாதவரும் இக்கொடியில் ஊரின் பெயரைப் படிக்கலாம். ஆயினும் இம்மரம் கொடியில் ஏற நெடுங்காலம் ஆயிற்று.

முதற் கொடி

நம் முன்னோர் கடாரம் என்றழைத்த கெடா அரசுக்கு உரியதாக இருந்தது இத்தீவு. கிழக்கிந்தியக் கும்பினியின் சார்பில் பிரான்சிஸ் லைட் 1786 ஜூலை 17-இல் இங்கு வந்திறங்கி, ஆகஸ்டு 11-இல் பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார். மறுநாள் வேல்ஸ் இளவரசரின் பிறந்தநாள். எனவே தீவுக்கு அவர் பெயரையே சூட்டினார். அன்று ஏறிய கொடி இன்று நாம் அறிந்த யூனியன் ஜாக் அன்று. அயர்லாந்துக்குரிய சிவப்புச் சாய்சிலுவை 1801-இல்தான் அதிற் சேர்ந்தது. அந்நிகழ்ச்சியைப் படமாக வரையும் மாணவர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

கெடா சுல்தான் சயாமுக்கு எதிராகப் படைத்துணை கிடைக்கும் என எதிர்பார்த்தே தீவைத் தர இசைந்தார். துணை கிட்டவில்லை. 1791-இல் தீவை மீட்க முயன்று தோற்றார். ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி பெற்று அடங்கினார். காவல் மரம் வீழ்ந்த கதையே வேறு வடிவில் நிகழ்ந்தது எனலாம்.

1826-இல் பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் நீரிணைக் குடியேற்றங்களாக இணைக்கப்பட்டன. 1867-இல் அவை பிரிட்டிஷ் முடியின் நேராட்சிக்கு வந்தன. அவற்றுக்கென அமைந்த நீலக் கொடியில் சிவப்புச் சாய்சதுரமும் மூன்று மகுடங்களும் பொறிக்கப்பட்டன. மூன்று ஊர்களுக்கு மூன்று மகுடங்கள். கமுகுக்கு அதில் இடமில்லை.

கொடியை இறக்கிய தமிழர்

1941 டிசம்பர் 11-இல் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன்மீது குண்டு வீசின. சில நாட்களுக்குப்பின் ஐரோப்பியர்கள் இரவோடிரவாகத் தீவை விட்டு அகற்றப்பட்டனர். மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் காப்பாரின்றி விடப்பட்டனர். கார்ன்வாலிஸ் கோட்டையிலோ யூனியன் ஜாக் பறந்துகொண்டே இருந்தது. அது பறக்கும்வரை குண்டுவீச்சு ஓயாது எனும் அச்சம் மக்களை வாட்டியது.

அவ்வேளையில் முன்வந்தவர், 'ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து எனும் இலங்கைத் தமிழர். அவர் கோட்டைக்குச் சென்று அக்கொடியை இறக்கினார். அவ்விடத்தில் வெள்ளைக் கொடி ஏறியது. நகரில் எதிர்ப்பில்லை என்பது வானொலியிலும் அறிவிக்கப்பட்டது. எஞ்சியிருந்த மக்களின் உணவுக்கும் ஒழுங்குக்கும் குழுவொன்றை அமைத்து நடத்தியவர்களில் அவர் தலையானவர். டிசம்பர் 19-இல் ஜப்பானியர் நுழைந்தனர். 1945 செப்டம்பர் 3-இல் பிரிட்டிஷார் திரும்பினர். ஆனால் கைவிட்டுப் போனவர்மீது மக்கள் கொண்டிருந்த பழைய நம்பிக்கை திரும்பவில்லை.

கொடியை ஏற்றியவர்கள் அதனை இறக்கக்கூட இல்லாமற் போயினர்; இருந்தவர்களே இறக்கினர். நாடு எவருடையது என்னும் வினாவுக்கு அன்றே ஒருவாறு விடை கிடைத்துவிட்டது என்பது என் துணிபு. 1946-இல் நீரிணைக் குடியேற்றங்கள் கலைந்தன. போருக்குப் பின்னரே கமுகு கொடியேறியது. 1957 ஆகஸ்டு 31-இல் பினாங்கு விடுதலை மலாயாவின் ஒரு மாநிலமாயிற்று.

பிற தீவுகள்

தமிழர் வாழும் பிற தீவுகளின் கொடிகளும் இவ்வாறே பேசும். இலங்கையின் சிங்கக் கொடியில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் உரியனவாகச் செம்மஞ்சள், பச்சைப் பட்டைகள் பின்னரே சேர்க்கப்பட்டன. அவை சிங்கம் நிற்கும் கட்டத்திற்கு வெளியே நிற்பதை நோக்குவோர் அந்நாட்டு வரலாற்றின் ஒரு பகுதியைக் கண்டவராவர். மொரீஷியசு 1968-இல் விடுதலை பெற்றபோது நான்கு வண்ணப் பட்டைகளை மட்டும் கொண்டது; எவருடைய விலங்கும் அதில் இல்லை. பிஜித் தீவோ 1970-இல் விடுதலை பெற்றும் யூனியன் ஜாக்கை மூலையில் வைத்திருக்கிறது.

நம் பள்ளிகளில் பிள்ளைகள் ஆண்டுதோறும் கொடிகளுக்கு வண்ணம் தீட்டுகின்றனர். தோட்டப் பள்ளியில் நான் கண்டவரையில், நிறத்தின் பொருளைச் சொல்லும் பிள்ளை பலர். அக்கொடி வருமுன் கோட்டையில் நின்று மற்றொன்றை இறக்கிய தமிழரை அறிந்த பிள்ளை அரியர். ஆசிரியர்கள் பச்சை வண்ணக்கோலைக் கையிற் கொடுக்கும்போதே சரவணமுத்துவின் பெயரையும் சொல்லிக் கொடுத்தல் வேண்டும்.