பெபேயாள்: ஒரு பெயரின் வரலாறு

ரோமர் நிருபத்தின் பதினாறாம் அதிகாரத்தை வெறும் பெயர்ப் பட்டியலென எண்ணி விரைந்து கடந்துபோவது நம்மில் பலருக்கு வழக்கம். ஆயினும் அதன் முதல் வசனத்திலேயே நிற்கும் பெபேயாளின் பெயர் கிரேக்கப் புராணத்துக்குரியது.

மூலமொழியில் அது 'ஃபொய்பே'. ஒளிமிக்கவள், தூயவள் என்பது பொருள். நமது திருமறை பெண்பால் விகுதி சேர்த்து ஒலிபெயர்த்தபோது இப்பொருள் மறைந்தது. பெயர்களை ஒலிபெயர்க்கையில் இது தவிர்க்கவியலாததே. ஹெசியோதின் 'தியோகொனி' என்னும் காவியத்தில் ஃபொய்பே விண்ணுக்கும் மண்ணுக்கும் பிறந்த தீத்தானியருள் ஒருத்தி, லேத்தோவின் தாய், எனவே அப்பொல்லோவுக்கும், எபேசியர் ஆர்ப்பரித்துப் போற்றிய தியானாளாகிய அர்த்தெமிக்கும் பாட்டி. கி.மு. 458இல் அரங்கேறிய எஸ்கிலஸின் நாடகமொன்று, டெல்ஃபியின் குறிசொல்லும் பீடத்தை அவளே அப்பொல்லோவுக்குப் பிறந்தநாள் கொடையாக அளித்தாள் என்கிறது. 'ஃபொய்பொஸ்' என்ற அவனது பெயரும் பாட்டியினுடையதே.

இங்கே ஒன்றை நாம் கவனிக்கவேண்டும். பிலிப்பியில் குறிசொன்ன பெண்ணிடமிருந்து பவுல் துரத்திய ஆவியை மூலநூல் 'பைத்தோன்' என்கிறது. அதுவும் டெல்ஃபியைச் சார்ந்த சொல். அந்த ஆவியைத் துரத்திய அப்போஸ்தலர், டெல்ஃபியின் பழைய தலைவியின் பெயரைத் தாங்கிய சகோதரியை அப்பெயராலேயே ரோமச் சபைக்கு அறிமுகப்படுத்துகிறார். மாற்றுப்பெயர் எதுவும் சூட்டவில்லை.

புராணப் பெயர்கள் அடிமைகளுக்கும் விடுதலை பெற்றோருக்கும் மிகுதியாக வழங்கிய காலம் அது. பேரரசர் அகுஸ்துவின் மகள் யூலியாளிடம் விடுதலை பெற்ற ஒரு ஃபொய்பே இருந்ததைச் சூவெத்தோனியு குறிப்பிடுகிறார். யூதப் பெற்றோர் இப்பெயரை இடுவது அரிதாகையால், நமது பெபேயாள் புறவினத்தாரிடையே பிறந்தவள் எனலாம். அவள் ஊழியம் செய்த கெங்கிரேயா கொரிந்துவின் கீழ்த்திசைத் துறைமுகம். ஈசிஸ், அப்ரோதித்தே ஆகியோரின் கோயில்கள் இருந்த ஊர். 'ஊழியக்காரி' என நாம் வாசிக்குமிடத்தில் நிற்கும் 'தியாகொனொஸ்' என்ற சொல்லைப் பவுல் தமக்கும் அப்பொல்லோவுக்கும் வழங்கியுள்ளார் (1 கொரி. 3:5). 'ஆதரவு' எனப்படுவதோ, மூலத்தில் புரவலரைக் குறிக்கும் கனமான சொல். தமிழ்ச் சொல் அதன் எடையைத் தாங்கவில்லை என்பது நம் கருத்து.

இவள் தனித்த விதிவிலக்கல்லள். அதே அதிகாரத்தில் எர்மேயும் நேரேயும் உளர். தீத்து நிருபத்தில் அர்த்தெமா, பிலிப்பியர் நிருபத்தில் எப்பாப்பிரோதீத்து. விசுவாசிகள் தம் பிள்ளைகளுக்குப் பேதுரு, பவுல் என மிகுதியாகப் பெயரிடுவதை மூன்றாம் நூற்றாண்டில் குறித்தவர் அலெக்சந்திரியப் பேராயர் தியொனீசியு. அவர் பெயரே மதுத்தெய்வமாகிய தியொனீசொஸினுடையது!

திருமுழுக்கில் பழைய பெயரைக் களைந்தாலன்றி மனமாற்றம் முழுமையாகாதென்று நம் சபைகளில் வற்புறுத்தியவர்கள் இவ்வதிகாரத்தை எவ்வாறு வாசித்தார்களோ! 1858இல் திருமுழுக்குப் பெற்ற கிருஷ்ணபிள்ளை, ஹென்றி ஆல்பிரெட் என்ற பெயர்களை ஏற்றும் பழைய பெயரைக் களையவில்லை. 'இரட்சணிய யாத்திரிகம்' அப்பெயராலேயே நம்மிடையே வழங்குகிறது.

1903இல் எருசலேமின் ஒலிவமலையில் கண்டெடுக்கப்பட்ட கிரேக்கக் கல்லறைக் கல்வெட்டொன்று சோபியா என்னும் பெண் தியாகொனொஸை நினைவுகூர்கிறது. அவளைச் சிறப்பிக்க அதனைப் பொறித்தோர் தேர்ந்த அடைமொழி, 'இரண்டாம் ஃபொய்பே'. அவர்கள் நினைத்தது தீத்தானியப் பெண்ணையன்று, கெங்கிரேயாவின் சகோதரியை.