சவளக்கடை வெளியில் பங்கு பிரித்த கதை

கிழக்கிலங்கையின் கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைத் தாண்டினால் சவளக்கடை. மாரியில் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால், கல்முனையில் வீடும் அக்கரையில் வயலுமாக இருப்பவர்கள் தவித்துப்போவார்கள். எங்கள் மூத்தவாப்பா அந்த வெளியில் வேளாண்மை செய்தவர். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவன். சதவீதமும் விகிதமும் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் அவருடைய களவெட்டிக் கணக்கை, சூடு மிதிக்கும் களத்தில் நெல் பங்கிட்ட கணக்கைத்தான் கரும்பலகையில் எழுதுவேன். சாப்பிட்ட பில்லை நாலுபேர் எப்படிப் பிரிப்பது, பரிமாறியவருக்கு எவ்வளவு கொடுப்பது என்று இன்றைய பிள்ளைகள் போனைத் தட்டிப் பார்ப்பதைக் காணும்போதும் எனக்கு அந்தக் களவெட்டிதான் ஞாபகம் வருகிறது.

வெட்டிய கதிரைச் சூடு என்னும் போராகக் குவித்து, எருமை விட்டு மிதித்து, தூற்றிய பிறகு நெல் பொலியாக நிற்கும். அந்த இடத்தில் சத்தம் போடக் கூடாது, வாய்க்கு வந்தபடி எண்ணிக்கை சொல்லக் கூடாது. களவெட்டிக்கென்றே தனிப் பேச்சு இருந்தது. மரைக்கால் என்னும் அளவையால் அளந்து போடும்போது, காணிக்காரரான போடியாரும் வயலில் வேலை பார்த்த முல்லைக்காரரும் மட்டும் சுற்றி நிற்கவில்லை. தண்ணீர் பங்கிட்ட வட்டை விதானை வருவார். அவருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று நெல். மண்வெட்டியும் கத்தியும் அடித்துத் தந்த கொல்லருக்கு ஒரு பங்கு, துணி வெளுத்தவருக்கு ஒரு பங்கு, சூடு மிதித்த மாட்டுக்காரருக்கு ஒரு பங்கு. போடியார் சோனகர், முல்லைக்காரர் தமிழர் என்பதும் அந்த வெளியில் சாதாரணம். எவருக்கு எத்தனை மரைக்கால் போனது என்பதை எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள். எனக்கு இதில் மிகப் பெரிய விசயம் அதுதான்.

முஸ்லிம் விவசாயிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வானம் பார்த்து விளைந்தால் பத்தில் ஒன்று ஸகாத் என்னும் கடமையான தர்மம். செலவழித்து நீர் இறைத்து விளைந்தால் இருபதில் ஒன்று. பாடுபட்டவனின் செலவைக் கழித்துப் பார்க்கும் நியாயம் அந்த விகிதத்திலேயே இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து நெல்வரியும் பத்தில் ஒன்று என்றுதான் வந்தது. அதற்கு அந்தக் கருணை இல்லை, 1892இல்தான் ஒழிந்தது.

களவெட்டி எல்லாருக்கும் நியாயம் செய்தது என்று சொல்ல மாட்டேன். குத்தகைக்காரர் விளைச்சலில் பாதியைக் கொடுத்துவிட்டு வெறும் சாக்கோடு வீடு போன காலமும் அதே களவெட்டியில்தான் நடந்தது. 1958இல் பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் குத்தகைக்கு உச்ச அளவு வைத்தது. விதானைமாரின் வேலையைப் பயிர்ச்செய்கைக் குழுக்களிடம் கொடுத்ததும் அந்தச் சட்டந்தான். அதற்கு முன்னரே, 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி, இங்கினியாகலையில் அணை எழும்பி, இலக்கம் போட்ட கொளனிகள் வந்து, எங்கள் பக்கத்து வேளாண்மையின் அளவே மாறியிருந்தது. இப்போது வெட்டு மெஷின் வயலிலேயே நெல்லை மூட்டையாக்கித் தந்துவிடுகிறது. சுற்றி நின்று பார்க்கக் களவெட்டி இல்லை.

விருந்திலும் பங்கு உண்டு. கந்தூரியிலும் கலியாணத்திலும் ஒரு சஹனுக்கு, அதாவது ஒரு பெரிய தட்டுக்கு, ஆறு பேர். தன் முன்னால் உள்ளதைத் தின்ன வேண்டும், அடுத்தவர் பக்கம் கை நீட்டக் கூடாது. ஹஜ்ஜுப் பெருநாள் உழ்ஹிய்யா அறுப்புக்கு ஏழு பேர் சேர்ந்து ஒரு மாடு வாங்கினால் விலையும் ஏழு கூறு, இறைச்சியும் ஏழு கூறு.

தேத்தண்ணிக் கடைக்கு வந்தபோதுதான் கணக்கு ஒருவர் தலையில் விழுந்தது. மேசை நடுவில் ரோல்ஸும் வடையும் அடுக்கிய தட்டு வரும். எழும்பும்போது பரிமாறுகிறவர் மிச்சத்தை எண்ணி, தொகையைக் காசாளருக்குக் கூவிச் சொல்வார். பிறகு கல்லாவுக்கு முன்னால் இழுபறி: "காசை உள்ளுக்கு வைங்க காக்கா, இண்டைக்கு நான்தான்." போன முறை அவர், இந்த முறை இவர் என்று நாளடைவில் சரிவரும் என்பது நம்பிக்கை.

வசதி இருப்பவர்களுக்குள் அது சரிவரும். எங்களோடு படிப்பித்த ஒருவர் தன் முறை வந்துவிடும் என்று பயந்து, பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வீட்டுக்குப் போய்விடுவார். அவருக்குத் தலைக்கனம் என்று கூட்டாளிமார் பேசினார்கள். சம்பளத்தில் எட்டுப்பேர் சாப்பிட்ட வீடு அவருடையது. அதனால் பில்லைப் பிரிக்கும் இளசுகளை நான் குறை சொல்லவே மாட்டேன்.

ஆனால் சரியாகப் பிரியுங்கள். ஐந்து பேர் சாப்பிட்ட பில் 6,000 ரூபா, அதற்கு மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம் 600 என்று வைப்போம். தலைக்கு 1,320 என்று வெட்டினால், 400 ரூபாவுக்கு ரொட்டியும் ப்ளேன்டீயும் எடுத்தவர் அடுத்தவரின் புரியாணிக்கும் சேர்த்துக் கட்டுகிறார். அவருடைய பங்கு 440 மட்டுமே. அவரவர் எடுத்ததைக் கூட்டி, அதே விகிதத்தில் சேவைக் கட்டணத்தைச் சேர்க்க வேண்டும். இறைத்த நீருக்கும் மழை நீருக்கும் வேறு விகிதம் வைத்த சமூகத்துக்கு இது விளங்காத கணக்கில்லை.

அந்த 600 ரூபா யாருக்குப் போகிறது என்பதை மேசையில் இருக்கும் எவரும் பார்ப்பதில்லை. இந்தியாவில் அந்தக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் சொன்னது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. பிரித்தானியாவில் 2024 ஒக்டோபர் 1 முதல், டிப்ஸும் சேவைக் கட்டணமும் முழுவதும் தொழிலாளருக்கே போக வேண்டும், பிரித்த விதத்துக்கு முதலாளி பதிவு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம். எங்கள் மூத்தவாப்பாவின் களவெட்டியில் ஆள் சுற்றி நின்று செய்த வேலையை அங்கே ஏடு செய்கிறது.

கல்முனைக் கடை முதலாளிமாரிடம் ஒன்று கேட்கிறேன். சேவைக் கட்டணம் எடுத்தால், அது எப்படிப் பங்கிடப்படுகிறது என்று கல்லாவுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். சாப்பிட வருகிறவர்களே, பரிமாறிய தம்பியிடம் அது கிடைக்கிறதா என்று கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால், அவருடைய பங்கை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு எழும்புங்கள்.